கட்டி முடித்த இன்ஜின் முரண்டு பிடித்தால்: 1969 கமாரோ, ஸ்மால் பிளாக் 350, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இரண்டு குளிர்காலம் கேரேஜிலேயே கிடந்து, பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பி ரீபோர் செய்து வாங்கி, ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, கடைசியில் சாவியைத் திருப்பும் நாளில் இன்ஜின் பிடிக்காமல் போனால் வயிற்றைப் பிசையும். அந்த நேரத்தில் கை நேராக ஸ்பேனரை நோக்கித்தான் போகும். தயவுசெய்து போகவிடாதீர்கள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மிச்சிகனில் வீட்டு கேரேஜில் வைத்துக் கட்டியது 1969 கமாரோ. ஒஹையோ மாநிலத்து நார்வுட் ஆலையில் பிறந்த வண்டி. இன்ஜின், செவர்லே ஸ்மால் பிளாக் குடும்பத்தின் 350 கன அங்குல வி-8. 1955-ல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய குடும்பம் அது. 1967-ல் முதல் கமாரோவோடு 350 வந்தது. செவெல், நோவா என்று செவர்லேயின் பல வண்டிகளில் இதே இன்ஜின்தான் என்பதால், கீழே வருவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

தேய்ந்த இன்ஜினுக்கு வரும் நோய் வேறு, புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு வரும் நோய் வேறு. பழைய இன்ஜினில் ரிங் தேய்ந்திருக்கும், கைடு தளர்ந்திருக்கும், செயின் தொங்கியிருக்கும். புதிய இன்ஜினில் இவை எதுவும் இல்லை. அங்கே கோளாறு இருப்பது கழற்றி மாட்டிய இடத்தில், வயரை மாற்றிச் சொருகிய இடத்தில், பெயின்ட் அடித்த இடத்தில். அதனால் கடைசியாகக் கை வைத்த வேலையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். வெளியே இருப்பதை முதலில் பாருங்கள். அளந்து பார்த்த எண் ஒன்று கையில் இல்லாமல் ஹெட்டையோ கியர்பாக்ஸையோ கழற்றாதீர்கள்.

அளக்க வேண்டியவை: மல்டிமீட்டர், டைமிங் லைட், வேக்கம் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ். இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கார்புரேட்டர் வழியாகத் தீ தும்முவது இந்த வேலையில் அபூர்வமல்ல.

செல்ஃப் இழுக்கவில்லை, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது

பேட்டரி புதிது, செல்ஃப் மோட்டார் புதிது, கேபிளும் புதிது. ஆனாலும் இன்ஜின் ஒரு முக்கு முக்கி நிற்கிறது. புதுப்பித்த வண்டியில் இதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது பெயின்டைத்தான். பிளாக்கில் ஆரஞ்சு பெயின்ட், ஃபயர்வாலில் புது பெயின்ட், பிராக்கெட்டுகளில் பவுடர் கோட்டிங் என்று ஆசை ஆசையாக அடித்திருப்போம். எர்த் கேபிளின் முனை அந்தப் பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கும். கரண்ட் திரும்பிப் போக வழி இருக்காது.

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் (கேபிள் கிளாம்ப் மேல் அல்ல, கம்பத்தின் மேலேயே) சிவப்பு முனையை பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்துக்கொண்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கேபிள் உட்காரும் இடத்தைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். பிளாக்கிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் பின்னல் பட்டையையும் மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது அந்தக் கேபிள் சூடாவதைத் தொட்டே உணரலாம்.

செல்ஃப் கரகரவென்று பல்லைக் கடித்தால் ரிங் கியரின் பற்களை எண்ணுங்கள். ஸ்மால் பிளாக்கில் 153 பல், 168 பல் என்று இரண்டு அளவு உண்டு. சிறியதற்கான செல்ஃபில் இரண்டு போல்ட்டும் நேர்க்கோட்டில் இருக்கும், பெரியதற்கானதில் சாய்வாக இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்று சேராது. பல் பொருந்தியும் கிறீச்சிட்டால், சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். சுற்றும்போதே கிறீச்சென்றால் இடைவெளி அதிகம், இடையில் வைத்த ஷிம் தகட்டை எடுங்கள். பிடித்தபின் சாவியை விடும்போது கிறீச்சென்றால் இடைவெளி குறைவு, ஒரு ஷிம் சேருங்கள்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை, கார்புரேட்டரில் தும்முகிறது

இந்த அறிகுறியில் அவசரம் கூடாது. காரணம் கேம், அதாவது வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு. புதிய ஃபிளாட் டேப்பட் கேம் மேல் நாம் தடவிய பசை, செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் வழிந்து போய்விடும். பத்து வினாடிக்குள் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

கார்புரேட்டரில் தும்மினால் பெரும்பாலும், பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று தள்ளி மாட்டியிருக்கும். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு முறை: கம்ப்ரஷன் முடிவில் ஒரு தடவை, எக்ஸாஸ்ட் முடிவில் ஒரு தடவை. கிராங்கின் முன்முனையில் உள்ள பேலன்சர் சக்கரத்தின் கோடு இரண்டு தடவையும் பூஜ்யத்தில்தான் நிற்கும். எக்ஸாஸ்ட் உச்சியில் வைத்து டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கிவிட்டால், இன்டேக் வால்வு திறக்கும் நேரத்தில் பொறி வந்து தீ மேலே வரும்.

சரிபார்க்க, முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். அது டிரைவர் பக்கத்தின் (இந்த வண்டியில் இடப்பக்கம்) முன்கோடி. ஓட்டையில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு இன்ஜினைக் கையால் கடிகாரச் சுற்றில் மெல்லத் திருப்புங்கள். கம்ப்ரஷன் வரும்போது காற்று விரலைத் தள்ளிக்கொண்டு புஸ்ஸென்று வெளியே வரும். அதன் பிறகு கோடு பூஜ்யத்துக்கு வரும் இடம்தான் வேண்டிய இடம். அங்கே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் முதல் வயரைப் பார்க்க வேண்டும். எதிர்ப்புறம் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி அரைச் சுற்றுத் திருப்பி இறக்குங்கள்.

இறக்கும்போது கடைசிக் கால் அங்குலம் உட்காரவில்லை என்றால், கீழே ஆயில் பம்பின் தண்டு பொருந்தவில்லை என்று பொருள். கிளாம்ப் போட்டு இறுக்கி இழுக்கவே கூடாது. தண்டோ பம்போ உடையும். மேலிருந்து லேசாக அழுத்திக்கொண்டே இன்ஜினைக் கையால் திருப்பினால், தண்டு பள்ளத்தில் விழுந்து தானாக உட்காரும்.

வயர் வரிசை 1-8-4-3-6-5-7-2. டிஸ்ட்ரிபியூட்டர் கடிகாரச் சுற்றில் சுழலும். டிரைவர் பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. இதில் 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிபவை. இந்த இரண்டு வயர்கள் மாறிச் சொருகப்படுவதுதான் அதிகம் நடக்கிறது. வண்டி ஓடும், ஆனால் மிஸ்ஸிங் இருந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது வெடிக்கும். வரிசை சரியாக இருந்தும் மிஸ்ஸிங் வந்தால், இந்த இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றனவா என்று பார்த்துப் பிரித்து விடுங்கள்.

பொறியும் வரிசையும் சரி, தும்மலும் இல்லை, ஆனாலும் பிடிக்கவில்லையா? கார்புரேட்டரின் வாயில் குனிந்து பார்த்தபடி ஆக்சிலேட்டர் லிங்கேஜைக் கையால் இழுங்கள். இரண்டு மெல்லிய பெட்ரோல் பீச்சல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிண்ணம் காலி. பெட்ரோல் பம்பை இயக்கும் தடி, பம்பை மாட்டும்போது நழுவி இறங்கியிருக்கலாம். கெட்டியான கிரீஸ் தடவி உள்ளே ஒட்டவைத்து மாட்டினால் நழுவாது.

சாவியைத் திருப்பினால் பிடிக்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது

இதைக் கண்டுபிடித்தது என் மனைவி. நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று முறை சாவியைத் திருப்பிய பிறகு உள்ளேயிருந்து அவள் சொன்னாள்: "என்னங்க, திருப்பும்போது புடிக்குது. நான் கைய எடுத்ததும்தான் நின்னுடுது. பெட்ரோல் இல்லாம இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுதும் இருந்தது. பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த அந்தக் கால இக்னிஷனில் காயிலுக்குக் கரண்ட் வர இரண்டு வழி. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் செல்ஃபின் ஒரு முனையிலிருந்து முழு பேட்டரி வோல்ட் நேராக வரும். சாவி திரும்பிய பிறகு, ஃபயர்வாலிலிருந்து வரும் ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாகக் குறைந்த வோல்ட் வரும். பாயிண்ட் கருகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இரண்டாவது வழி அறுந்திருந்தால், சாவியை விட்ட நொடியில் இன்ஜின் நிற்கும். எங்கள் வண்டியில் அந்த வயர் ஃபயர்வால் கனெக்டரில் சரியாகச் சொருகப்படாமல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. வயரிங்கை நான்தான் மாட்டியிருந்தேன்.

சோதனை எளிது. சாவியை ஓடும் நிலையில் வைத்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல், காயிலின் பாசிட்டிவ் முனையில் வோல்ட் பாருங்கள். பூஜ்யம் என்றால் பாதை அறுந்திருக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி வோல்ட்டில் பாதிக்குக் குறைவாகவோ அதை ஒட்டியோ காட்டினால் நல்லது. பாயிண்ட் மூடியிருந்தும் 12 காட்டினால், யாரோ ரெசிஸ்டன்ஸ் வயரைச் சாதாரண வயராக மாற்றியிருக்கிறார்கள். ஓடும், ஆனால் பாயிண்ட் சீக்கிரம் கருகும்.

நேர்மாறான தவறும் உண்டு. 1975 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வந்த எச்.இ.ஐ. எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை இந்தப் பழைய வண்டியில் மாட்டிவிட்டு, கரண்ட்டை அதே ரெசிஸ்டன்ஸ் வயரிலிருந்து எடுப்பார்கள். அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். கிடைக்காவிட்டால் ஐடிலில் ஒழுங்காக நின்று, வேகத்தில் மிஸ்ஸாகும். தனி வயர் இழுத்துவிடுங்கள்.

பாயிண்ட் இடைவெளியைப் பற்றி ஒரு வரி: புது பாயிண்டுக்கு 0.019 அங்குலம், டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 30 டிகிரி.

ஆயில் பிரஷர் முள் எழும்பவில்லை

ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். இதில் மட்டும் "கொஞ்சம் பார்ப்போமே" என்பதே கூடாது.

முதன்முதலில் ஸ்டார்ட் செய்யும் முன்பே இந்தக் கேள்வியைத் தீர்த்துவிடலாம். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத நிலையில், பிரைமிங் தண்டை டிரில்லில் மாட்டி, ஆயில் பம்பைக் கடிகாரச் சுற்றில் சுழற்றுங்கள். சில வினாடியில் டிரில் திடீரென்று கனக்கும். உங்கள் மணிக்கட்டை முறுக்கப் பார்க்கும். அதுதான் பிரஷர் ஏறும் நேரம். அப்படியே சுழற்றிக்கொண்டு, இன்னொருவர் இன்ஜினைக் கையால் மெல்லத் திருப்ப, 16 ராக்கரிலும் (வால்வை அழுத்தும் கைகள்) ஆயில் கசிந்து வரும்வரை காத்திருங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வராது. கடைசி இரண்டு மூன்று பத்து நிமிடம்கூட எடுக்கும்.

ஒரு பக்கத்து ராக்கர்களுக்கு மட்டும் ஆயிலே வரவில்லையா? வெறும் தண்டை வைத்துச் சுழற்றுகிறீர்கள் போலும். ஸ்மால் பிளாக்கில் லிஃப்டர்களுக்கு (கேம் மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் உருளைகள்) போகும் ஆயில் பாதை டிஸ்ட்ரிபியூட்டர் உடலைச் சுற்றித்தான் போகிறது. அந்த உடலைப் போலவே வளையம் உள்ள பிரைமிங் கருவி வேண்டும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் கியரைக் கழற்றிவிட்டும் செய்துகொள்ளலாம்.

டிரில் கனக்கவே இல்லை என்றால் வரிசையாக யோசியுங்கள். கேஜ் பொய் சொல்கிறதா? மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பாருங்கள். பம்பின் பிக்கப் குழாய் கழன்றதா? அது வெறுமனே அடித்துச் சொருகியது. வெல்டில் ஒரு புள்ளி வைக்காவிட்டால் அதிர்வில் கழன்று விழும். ஆயில் பேனின் அடியிலிருந்து அதன் வலை கால் அங்குலம் முதல் எட்டில் மூன்று பங்கு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு ஆயில் காலரி (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் பாதை) பிளக்குகள். பிளாக்கை வெந்நீர்த் தொட்டியில் சுத்தம் செய்ய அவற்றைக் கழற்றுவார்கள். டைமிங் கியருக்குப் பின்னால் மூன்று இருக்கும். அவற்றில் ஒன்று விடுபட்டாலும் பிரஷர் முழுக்க அங்கேயே கொட்டிவிடும். பின் மெயின் கேப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிறிய பிளக் இன்னும் மோசம்: அது இல்லாவிட்டால் பிரஷர் சரியாகவே காட்டும், ஆனால் ஆயில் ஃபில்டரைத் தொடாமல் பேரிங்குக்குப் போகும். பட்டறையிலிருந்து பிளாக் வந்த அன்றே டார்ச் அடித்து இவற்றை எண்ணிவிடுங்கள்.

இன்ஜின் சூடான பிறகு ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.-க்கும் (நிமிடத்துக்கான சுற்று) 10 பி.எஸ்.ஐ. இருந்தால் கவலை வேண்டாம்.

டிக் டிக் என்ற டேப்பட் சத்தம்

இங்கேதான் அதிக இன்ஜின்கள் வீணாகின்றன; கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஃபிளாட் டேப்பட் கேமில் லிஃப்டரின் அடிப்பகுதி பார்வைக்குத் தட்டை. உண்மையில் மிக மெல்லிய குவிவு உடையது. கேமின் மேடும் லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வால்தான் லிஃப்டர் சுழல்கிறது. சுழல்கிறவரை தேய்மானம் பரவிவிடும். சுழலாத லிஃப்டர் தன் மேட்டைச் சில நிமிடத்தில் தின்றுவிடும். முதல் 20 முதல் 30 நிமிடம் இன்ஜினை 2000-க்கும் 2500 ஆர்.பி.எம்.-க்கும் இடையே ஏற்றி இறக்கி ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். ஐடிலில் கேமுக்கு ஆயில் போதாது. கிராங்க் வேகமாகச் சுழன்று வாரி இறைக்கும் ஆயில்தான் அதை நனைக்கிறது.

ஆயிலும் முக்கியம். 2004-ல் வந்த எஸ்.எம். என்ற ஆயில் தரத்திலிருந்து சாதாரண ஆயில்களில் ஜிங்க், பாஸ்பரஸ் அளவு குறைந்துவிட்டது. கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றச் செய்த மாற்றம் அது. ரோலர் லிஃப்டர் உள்ள இன்றைய வண்டிகளுக்கு அது போதும், நம்முடையதற்குப் போதாது. பிரேக்-இன் ஆயில் என்றே தனியாக விற்கிறார்கள். அதையே வாங்குங்கள்.

சத்தம் வந்துவிட்டது என்றால் முதலில் அட்ஜஸ்ட்மென்ட். ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதன் இன்டேக்கையும், இன்டேக் மூடிக்கொண்டு வரும்போது எக்ஸாஸ்டையும் அட்ஜஸ்ட் செய்யுங்கள். லிஃப்டரையும் ராக்கரையும் இணைக்கும் புஷ்ராடை இரண்டு விரலில் பிடித்து மேலும் கீழும் ஆட்டியபடி நட்டை இறுக்குங்கள். ஆட்டம் நின்ற இடம் பூஜ்யம். அங்கிருந்து அரைச் சுற்று. புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்த்து, சுழல்வது கடினமானால் பூஜ்யம் என்று நினைப்பவர்கள் பலர். ஆயில் ஏறாத புது லிஃப்டர் மெத்தென்று இருக்கும். அந்த முறையில் இரண்டு சுற்று அதிகமாக இறுக்கிவிடுவீர்கள். அப்படி இறுகினால் சத்தம் இருக்காது, ஆனால் வால்வு மூடாது. கம்ப்ரஷன் போய்விடும், வண்டி சூடானதும் தடுமாறும்.

அட்ஜஸ்ட் செய்தும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தளர்கிறதா? அந்த மேடு தேய்கிறது என்று பயப்படுங்கள். டயல் கேஜை அந்தப் புஷ்ராடின் மேல் வைத்து இன்ஜினைக் கையால் திருப்பி, எவ்வளவு உயர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டு இன்டேக்கும் தங்களுக்குள் ஒத்திருக்க வேண்டும், எட்டு எக்ஸாஸ்டும் அப்படியே. ஒன்று மட்டும் குட்டையாக நின்றால் கேம் போய்விட்டது. எக்ஸாஸ்ட் மேடு தேய்ந்தால், எரிந்த புகைக்கு வெளியேற வழி இல்லாமல் இன்டேக் திறந்ததும் கார்புரேட்டர் வழியாக டப் டப்பென்று ஒரே சீராக அடிக்கும். அதை டைமிங் கோளாறு என்று எண்ணி நாள்கணக்கில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேம் போனால் கேமை மட்டும் மாற்றினால் போதாது. அரைந்த இரும்புத் தூள் ஆயிலோடு பேரிங் வரை போயிருக்கும். ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பைப் பிழிந்து, வெயிலில் காட்டுங்கள். மினுமினுப்பு நிறைய இருந்தால் இன்ஜினைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். எனக்கும் இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஹீட் ஆகிறது

எப்போது ஹீட் ஆகிறது என்பதுதான் கேள்வி. டெட்ராய்ட்டை ஒட்டிய வுட்வார்ட் சாலையில் 1995 முதல் ஆகஸ்ட் மாதம் டிரீம் குரூஸ் நடக்கிறது. வண்டிகள் அடி அடியாக நகரும் அந்த ஊர்வலத்தில் ஓரமாகப் பானெட்டைத் திறந்து வைத்து நிற்பவர்களை ஒவ்வோராண்டும் பார்க்கலாம். நிற்கும்போதும் ஊரும்போதும் சூடானால் காற்று போதவில்லை: ஃபேனைச் சுற்றிய ஷ்ரவுட் இல்லை, ஃபேன் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் சூடானால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டர் அடைப்பு, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறது. கீழ் ஹோஸைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டரை ஏற்றினால் அது சுருங்குவது கண்ணுக்கே தெரியும்.

டைமிங்கை நம்புமுன் பேலன்சரை நம்பலாமா என்று பாருங்கள். அதன் வெளி வளையம் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஐம்பது ஆண்டு பழைய ரப்பர் நழுவியிருந்தால், நீங்கள் 10 டிகிரி என்று வைப்பது வேறேதோ டிகிரி. பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பர் மாட்டி, இரு திசையிலும் திருப்பி, முட்டும் இரண்டு இடங்களுக்கும் நடுவைக் குறித்தால் உண்மையான உச்சி கிடைக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, 3000 ஆர்.பி.எம்.-ல் மொத்த அட்வான்ஸை (உச்சிக்கு எவ்வளவு முன்னால் பொறி வருகிறது என்பது) 34 முதல் 36 டிகிரிக்குள் வையுங்கள்.

முதல் நாளே கொதித்தால் ஏர்லாக். தெர்மோஸ்டாட் தட்டில் எட்டில் ஒரு பங்கு அங்குலத் துளை போட்டு மாட்டினால் காற்று தப்பிக்கும். நவீன பட்டை பெல்ட் இன்ஜினின் வாட்டர் பம்பைப் பழைய வி-பெல்ட்டில் மாட்டிவிட்டீர்களா என்றும் பாருங்கள். அது எதிர்த்திசையில் சுழலச் செய்தது.

மஸ்டாங் வைத்திருப்பவர்களே, ஃபோர்டின் 289, 302 இன்ஜின்களின் ஹெட் கேஸ்கட்டில் "ஃபிரண்ட்" என்று அச்சிட்டிருக்கும். அந்த முனை இரண்டு பக்கமும் முன்னால்தான் வர வேண்டும். ஒன்றைத் திருப்பி மாட்டினால் பின்னால் தண்ணீர் ஓட்டம் அடைபடும், எந்த ரேடியேட்டர் போட்டாலும் ஹீட் நிற்காது. செவர்லேயில் வேறு சிக்கல்: ஹெட் போல்ட் ஓட்டைகள் தண்ணீர் அறைக்குள் திறக்கின்றன. மரைக்குச் சீலன்ட் தடவாமல் இறுக்கினால் தண்ணீர் மரை வழியாக ஏறி வரும்.

புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். கார்புரேட்டரின் மிதவை, ஊசி வால்வு, சோக் ஆகிய மூன்றையும் பாருங்கள். பழைய டேங்கை அப்படியே வைத்திருந்தால் துருத் துகள் ஊசிக்கு அடியில் சிக்கியிருக்கும்.

நீலம் என்றால் ஆயில். ரிங் உட்காரும்வரை, முதல் சில நூறு மைல் கொஞ்சம் புகைப்பது இயல்பு. ஐடிலிலேயே விட்டுவைத்தால் ரிங் உட்காராது. சாலையில் எடுத்துப் போய் 30-லிருந்து 50 மைல் வரை நன்றாக மிதித்து ஏற்றி, காலை எடுத்துத் தானாக இறங்கவிட்டு, இப்படிப் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். அதன் பிறகும், இறக்கத்தில் காலை எடுத்தபின் மறுபடி மிதிக்கும்போது மட்டும் புகைத்தால் வால்வு சீல்.

ஆனால் ரிங்கையோ சீலையோ குற்றம் சொல்லுமுன் இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட்டைச் சோதியுங்கள். அதன் அடிப்பக்கம் சரியாக உட்காராவிட்டால், இன்ஜின் லிஃப்டர் பள்ளத்திலிருந்து ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வெளியே எதுவும் தெரியாது. பி.சி.வி. குழாயை (கிராங்க் அறைக் காற்றை இன்டேக்குக்கு இழுக்கும் குழாய்) கழற்றி இரண்டு முனையையும் அடைத்து, மற்ற மூச்சுத் துளைகளையும் அடைத்துவிட்டு, ஐடிலில் ஆயில் நிரப்பும் மூடியின் இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். நல்ல இன்ஜின் கையை லேசாகத் தள்ளும். கையை உள்ளே இழுத்தால் கேஸ்கட் கசிகிறது.

வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்ற ஓட வேண்டாம். டர்போ 350 போன்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் வேக்கம் மாடுலேட்டர் என்ற சின்ன டப்பா இருக்கும். அதற்குள் இருக்கும் சவ்வு கிழிந்தால், இன்ஜின் கியர் ஆயிலையே குடித்து வெள்ளையாகப் புகைக்கும். அந்த வேக்கம் குழாயைப் பிடுங்கி உள்ளே பாருங்கள். சிவப்பு ஈரம் தெரிந்தால் ஒரு சின்ன உதிரிப் பாகத்தோடு வேலை முடிந்தது.

சந்தேகம் தீராவிட்டால் லீக்-டவுன் சோதனை. கம்ப்ரஷன் உச்சியில் வைத்து, பிளக் ஓட்டை வழியாகக் காற்றை ஏற்றிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சர் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடியில் சீறினால் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட்.

பின்பக்கம் ஆயில் ஒழுகுகிறது

கியர்பாக்ஸ் மூடியின் அடியில் ஒரு சொட்டு நின்றால் பின் மெயின் சீல் என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். நானும் கட்டினேன். ஒரு வார இறுதி முழுக்கப் படுத்தபடி ஆயில் பேனை இறக்கி, சீலை மாற்றி, ஏற்றி மாட்டினேன். திங்கள்கிழமை காலை அதே இடத்தில் அதே சொட்டு. ஒழுகியது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஆயில் பிரஷர் சென்டர்; அங்கிருந்து பிளாக்கின் முதுகு வழியாக இறங்கிக் கீழே சேர்ந்திருந்தது.

அதனால் மேலிருந்து வாருங்கள். பின்பக்கத்தை நன்றாகக் கழுவி உலர்த்தி, முகப் பவுடரைத் தூவிவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஈரக் கோடு எங்கே தொடங்குகிறது என்பதைப் பவுடர் காட்டிக்கொடுக்கும். சென்டர், வால்வு கவரின் பின்மூலை, இன்டேக் மேனிஃபோல்ட்டின் பின்சுவர் என்று வரிசையாகப் பாருங்கள். அந்தப் பின்சுவரில் கேஸ்கட் பெட்டியோடு வரும் ரப்பர் பட்டையைப் போடாமல், சிலிக்கான் சீலன்ட்டைத் தடித்த ஒரே வரியாக வைத்தால் நழுவாது. இவை எல்லாம் உலர்ந்திருந்தால் மட்டுமே மெயின் சீல். இரண்டு துண்டாக வரும் அந்தச் சீலின் இணைப்பு, கேப்பின் இணைப்புக்கு நேராக நிற்காமல் சற்றுத் தள்ளி நிற்கும்படி மாட்டுங்கள்.

மிதித்தால் தடுமாற்றம், அதிர்வு

சட்டென்று மிதித்ததும் மூச்சு முட்டினால் ஆக்சிலேட்டர் பம்ப். வாயில் பார்த்துக்கொண்டு லிங்கேஜை இழுத்தால், இழுத்த அதே கணத்தில் பீச்ச வேண்டும். சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் உதறிக்கொண்டு ஓடினால் ஐடில் வேகத்தைக் குறையுங்கள்.

எல்லா வேகத்திலும் வண்டி நடுங்கினால் பேலன்சரையும், கிராங்கின் பின்முனையில் உள்ள ஃபிளெக்ஸ் பிளேட்டையும் பாருங்கள். 350 உள்ளுக்குள்ளேயே பேலன்ஸ் செய்யப்பட்டது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 400 வெளியே எடை வைத்துப் பேலன்ஸ் செய்யப்பட்டது. பழைய சாமான் சந்தையில் வாங்கிய 400-ன் பேலன்சர் 350-ல் அழகாகப் பொருந்தும், ஆனால் கிராங்கை உலுக்கி எடுக்கும்.

எல்லாம் சரியாகி ஓடத் தொடங்கினால், கேம் பிரேக்-இன் முடிந்த உடனேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். 500 மைலில் மறுபடி மாற்றுங்கள். இரண்டு ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். முதலாவதில் சாம்பல் நிறக் குழம்பும் கொஞ்சம் மினுமினுப்பும் இருக்கும். இரண்டாவதில் அநேகமாக எதுவும் இருக்கக் கூடாது. இன்டேக் மேனிஃபோல்ட் போல்ட்டுகளை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 30 அடி-பவுண்டுக்கு ஒரு முறை சரிபார்த்து, அந்தத் தேதியையும் மைலையும் நோட்டில் எழுதி வையுங்கள்.